மழைக்கணக்கும் முருங்கைக்காயும்

மலேசியாவின் கெடா மாநிலத்து மழை வரலாற்றை நான் கொஞ்சம் கெடுத்திருக்கிறேன். பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு தோட்டத்தின் அளவுக்கு, ஆறேழு வருடத்துக்கு. வேண்டுமென்று செய்ததும் இல்லை. வேண்டுமென்று ஒன்றைச் செய்கிற சுறுசுறுப்பு என்னிடம் எப்போதுமே இருந்ததில்லை.

1982-ல் பீடோங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் சின்னக் கிராணியாக, அதாவது ஆபீஸ் எழுத்தராக, சேர்ந்தேன். கிராணி என்றால் அன்றைக்குத் தனி மரியாதை. சட்டைப் பையில் இரண்டு பேனா, காலில் சப்பாத்து. அம்மா லயத்தில் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். முதல் நாள் காலையில் பெரிய கிராணி என்னை ஆபீஸுக்குப் பின்னால் கூட்டிப்போய், கம்பி வேலிக்குள் நட்டு வைத்திருந்த ஒரு செப்புக் குடுவையைக் காட்டினார். "தம்பி, இனிமே இது உன் பொறுப்பு." எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு தவளை இருந்தது.

அது மழைக் குடுவை. பால்மரத் தோட்டத்தில் மேனேஜருக்கும் மேலே ஒரு மேனேஜர் உண்டு என்றால் அது மழைதான். விடியற்காலையில் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகமாக இருக்கும். வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக வடியும். இரவு மழையில் பட்டை நனைந்திருந்தால், பால் வெட்டுக்கோட்டை விட்டு விலகி மரமெங்கும் வழிந்துவிடும், பால் பிடிக்கும் மங்கில் விழாது. ஆள் கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்தில் சனம் வானத்தையும் மேற்பார்வையாளரான தண்டலின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்கும். பால் குறைந்த மாதத்தில் "ஏன் குறைந்தது?" என்று மேலிடம் கேட்டால், சாட்சி சொல்ல வேண்டியது மழைப் புத்தகம். அந்தச் சாட்சியைக் கைப்பட எழுதியவன் நான். நீதிமன்றமாக இருந்திருந்தால் என்னை உள்ளே வைத்திருப்பார்கள்.

வேலை என்னவோ சுலபம். தினமும் காலை எட்டு மணிக்குக் குடுவையில் தேங்கியதை அளவுக் கண்ணாடியில் ஊற்றிப் பார்த்து எழுத வேண்டும். ஆனால் நாடு அப்போதுதான் அங்குலத்திலிருந்து மில்லிமீட்டருக்கு மாறிக்கொண்டிருந்தது. கண்ணாடி மாறிவிட்டது, புத்தகம் மாறவில்லை. கண்ணாடி 23 என்று காட்டியது. நானும் 23 என்று எழுதினேன். புத்தகத்தின் தலைப்பில் அங்குலம் என்று அச்சடித்திருந்தது.

23 அங்குல மழை என்றால், கெடாவில் சராசரியாக மூன்று மாதத்தில் பெய்கிற மழை ஒரே ராத்திரியில் கொட்டியிருக்க வேண்டும். ஒரு ஏக்கரில் ஒரு அங்குலம் பெய்தாலே நூறு டன் தண்ணீர் வந்துவிடும். அந்தக் கணக்கில் அன்று தோட்டமே மெர்போக் ஆற்றோடு கடலுக்குப் போயிருக்கும். ஆனால் அதே தேதியின் செக்ரோலில், அதாவது ஆள் வருகைப் பதிவேட்டில், எல்லோரும் மரம் வெட்டியதாகப் பதிவு இருக்கிறது. எங்கள் தோட்டத்துப் பெண்கள் கெட்டிக்காரிகள்தான். அதற்காகத் தண்ணீருக்கு அடியில் நின்றெல்லாம் பால் வெட்ட மாட்டார்கள்.

அடுத்த குறை ஞாயிற்றுக்கிழமை. மழைக்கு வார விடுமுறை கிடையாது, எனக்கு உண்டு. சனிக்கிழமை மதியம் போனால் திங்கள் காலையில்தான் குடுவையைப் பார்ப்பேன். இரண்டு நாள் மழையும் திங்கள் கணக்கில் ஏறிவிடும். வருடக்கணக்கில் எங்கள் தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒரு சொட்டு விழவில்லை, திங்கட்கிழமை மட்டும் வெளுத்து வாங்கியது. தைப்பூசத்துக்குப் பினாங்கு போனால் நாலு நாளைக்கு மழை இல்லை என்று கோடு போட்டு வைத்துவிடுவேன். நல்லவேளையாக, கெடாவின் வறட்சிக் காலம் ஜனவரி, பிப்ரவரியில் வருகிறது. நான் பொய்யாக எழுதியது பெரும்பாலும் உண்மையாகவே இருந்தது. முருகன் கைவிடவில்லை.

இதெல்லாம் சில்லறைத் தப்பு. என் பெரிய சாதனை முருங்கை.

தோட்டத்தில் ஆடும் மாடும் தின்னாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மழைக் குடுவையைச் சுற்றிய கம்பி வேலிக்குள். நாலு பக்கமும் நல்ல மண், நல்ல வெயில், பூட்டுச் சாவி என் கையில். உங்களிடம் அந்தச் சாவி இருந்தால் என்ன செய்வீர்கள்? சும்மா சொல்லுங்கள். 1985-ல் ஒரு முருங்கைக் கிளையை வெட்டி நட்டேன். அடுத்த வருடம் அதன் மேல் அவரைக்கொடி ஏற்றினேன். முருங்கை இலை சிறியது, அதனால் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தேன். அவரை இலை எவ்வளவு பெரியது என்பதை நினைக்கவில்லை.

அந்த மரம் காய்த்த காய்ப்பு இருக்கிறதே! பெரிய கிராணி வீட்டுக்கு ஒரு கட்டு, டிரசர் வீட்டுக்கு ஒரு கட்டு. லூனாஸில் பெண் பார்க்கப் போனபோதும் பழத்தட்டோடு ஒரு கட்டு முருங்கைக்காய் எடுத்துப் போனேன். மாமியார் அதைப் பார்த்துத்தான் சம்மதித்தார் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள். மாப்பிள்ளையைப் பார்த்து என்று ஒருநாளும் சொன்னதில்லை.

1991-ல் ஒரு சூறைக்காற்றில் மரம் சாய்ந்தது. குடுவைக்கு அடி படவில்லை. எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. மழைக்காக அல்ல, சாம்பாருக்காக.

பிறகு தோட்டம் கை மாறியது, கொஞ்சம் கொஞ்சமாக விற்கப்பட்டது, பாதி குடியிருப்புத் தாமானாகிவிட்டது. ஆபீஸைக் காலி செய்த அன்று பழைய புத்தகங்களை லாரியில் ஏற்றினார்கள். மழைப் புத்தகங்களில் அட்டை தடிமனானவை நாலைந்தை நான் வீட்டுக்கு எடுத்து வந்தேன். வரலாற்று உணர்ச்சியால் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். துணி துவைக்கிற மெஷினின் ஒரு கால் குட்டை.

மெஷினுக்கு அடியில் பல வருடம் கிடந்த மழை வெளியே வந்ததற்குக் காரணம் சிரிக்கிற விஷயமில்லை. 2021 ஆகஸ்ட் 18-ஆம் தேதி குனோங் ஜெராய் மலையிலிருந்து கெப்பாலா ஆயர் என்கிற திடீர் வெள்ளம் பாய்ந்தது. மேலே கொட்டிய மழை மரத்தையும் பாறையையும் உருட்டிக்கொண்டு யான், மெர்போக் பக்கம் இறங்கியது. அடுத்த வருடம் ஜூலை 4-ல் பாலிங்கில், கூப்பாங் பக்கம் அதே கதை. இரண்டிலும் உயிர்கள் போயின. அதற்குப் பிறகுதான் பலருக்கும் ஒரு கேள்வி வந்தது: இந்த மாதிரி மழை முன்பும் பெய்திருக்கிறதா, இல்லை புதிதா? பதில் சொல்ல நாற்பது, ஐம்பது வருடத்துத் தினக்கணக்கு வேண்டும். அரசாங்க நிலையங்கள் இல்லாத இடங்களில் அந்தக் கணக்கை வைத்திருந்தவை தோட்டங்கள்தான். அதாவது, என்னைப் போன்ற சின்னக் கிராணிகள். நாட்டின் நிலைமையைப் பாருங்கள்.

ஒரு நாள் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி சுங்கைப் பட்டாணியில் என் வீட்டைத் தேடி வந்தாள். நம்ம பெண்தான், தாத்தா பாட்டி தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். புத்தகங்களை ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டு போனாள். அவள் புத்தகத்தைத் தொட்ட விதத்தைப் பார்த்தால் ஏதோ ஓலைச்சுவடி என்று தோன்றும். மெஷின் கால் பதிந்த வட்டத்தைத் துடைத்துவிட்டிருக்கலாமோ என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து லேப்டாப்போடு வந்தாள். "அங்கிள், ஒரு சந்தேகம். 85-க்கு அப்புறம் உங்க தோட்டத்துல மழை கொறஞ்சுக்கிட்டே வருது. 91-ல திடீர்னு ஏறிடுது. அங்க ஏதாச்சும் நடந்துச்சா?"

நான் சாய்ந்து உட்கார்ந்தேன். கேள்வி கேட்டு யாரும் என் வீட்டுக்கு வந்து பல வருடம் ஆகிவிட்டது. காடு அழிப்பு பற்றிச் சொன்னேன். எல் நினோ பற்றிச் சொன்னேன். ரப்பர் போய்ச் செம்பனை வந்ததால் காற்றின் ஈரம் மாறியிருக்கும் என்றேன். அது அப்போதுதான் எனக்கே தோன்றியது. அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். ஒன்றையும் எழுதிக்கொள்ளவில்லை.

பிறகு ஒரு வரைபடத்தைக் காட்டினாள். அக்கம்பக்கத்துத் தோட்டங்களின் மழையை வருடா வருடம் கூட்டிக்கொண்டே போய் ஓர் அச்சில் வைப்பார்களாம். நம் குடுவையின் கூட்டுத்தொகை இன்னோர் அச்சில். வானம் ஒன்றுதான் என்பதால், மழை கூடினாலும் குறைந்தாலும் இரண்டும் சேர்ந்தே போகும், கோடு நேராக இருக்கும். கோடு ஓரிடத்தில் வளைந்தால் வானத்தில் கோளாறு இல்லை, குடுவைப் பக்கம்தான் ஏதோ கோளாறு. என் கோடு 1986-ல் படுத்து, 1991-ல் எழுந்து உட்கார்ந்திருந்தது.

"மழை மாறல அங்கிள். குடுவைக்குத்தான் ஏதோ ஆகியிருக்கு."

"என்ன ஆகியிருக்கும்..." என்று நான் இழுத்தேன். சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "அந்த முருங்கையைச் சொல்லுங்களேன்."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. பக்கத்தில் ஒரு மரம் இருந்தால், அதன் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி இருக்க வேண்டுமாம் குடுவை. "எவ்வளவு தள்ளி இருந்துச்சு அங்கிள்?" என்றாள். கையை விரித்துக் காட்டினேன். இரண்டு கையும் தேவைப்படவில்லை.

என் ஆராய்ச்சி வாழ்க்கை மழையோடு நின்றிருந்தால் நாடு தப்பித்திருக்கும். 90-களில் எங்கள் டிவிஷனிலும் செம்பனை வந்தது, கூடவே எலி வந்தது. எலியைப் பிடிக்கக் கூகை வளர்க்கலாம் என்று மேலிடத்தில் முடிவு செய்தார்கள். தீபகற்பத்தில் ஒரு காலத்தில் அபூர்வமாக இருந்த இந்த வெள்ளைமுக ஆந்தை, செம்பனை பரவப் பரவத் தானும் பரவியது. குஞ்சு பொரித்த ஒரு ஜோடி வருடத்துக்கு ஆயிரம் எலிக்கு மேல் தின்னும் என்பது கணக்கு. பத்து ஹெக்டருக்கு ஒரு மரப்பெட்டி, உயரமான கம்பத்தில். நடுவது என் மேற்பார்வையில். ராத்திரியில் செம்பனைக்குள் போய்ப் பார்க்க எனக்குப் பயம். அதனால் முதல் பெட்டியை லயத்துக்குப் பக்கத்திலேயே நட்டேன்.

ஆந்தை அலறினால் சாவு என்று நம்புகிற ஒரு லயத்தின் வாசலில் ஆந்தைக்கு வீடு கட்டிக் கொடுத்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஒரு பாட்டி விளக்குமாற்றோடு ஆபீஸுக்கே வந்துவிட்டார். "எமனுக்கு நீயே பொட்டி அடிச்சுக் குடுக்கிறியாடா?" ஆராய்ச்சி, எலி, விளைச்சல் என்று விளக்கினேன். பாட்டி கேட்ட அடுத்த கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை: "அப்ப மேனேஜர் பங்களாவுல ஏன் நடல?"

பெட்டியை உள்ளே மாற்றினோம். கூகையும் வந்தது. அதைப் பார்க்க ஓர் ஆய்வாளர் வரப்போகிறார் என்று தெரிந்ததும், இடம் சுத்தமாக இருக்கட்டுமென்று கம்பத்துக்கு அடியில் கிடந்த கறுப்புக் கறுப்பு உருண்டைகளையெல்லாம் ஆள் வைத்துப் பெருக்கித் தள்ளினேன். வந்தவர் குனிந்து தேடினார், சுற்றிச் சுற்றித் தேடினார். கூகை எலியை முழுசாக விழுங்கி, செரிக்காத எலும்பையும் ரோமத்தையும் உருண்டையாகக் கக்கிவிடுமாம். உருண்டையை உடைத்து மண்டையோட்டை எண்ணினால் எத்தனை எலி தின்றது என்று தெரியும். அவர் வந்ததே அதை எண்ணத்தான். நான் அதை எச்சம் என்று நினைத்துக் குப்பைக் குழியில் போட்டிருந்தேன்.

இதோடு விட்டேனா? எலித் தொல்லை குறையவில்லை என்று, கடைக்காரர் 'ஸ்ட்ராங்' என்று சொன்ன எலி மருந்தை என் வீட்டைச் சுற்றித் தாராளமாக வைத்தேன். பழைய மருந்தைவிடப் புதிய வகைகள் எலியின் உடம்பில் நீண்ட நாள் தங்கும், அந்த எலியைத் தின்ற கூகையையும் கொல்லும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு கையால் பெட்டி நட்டு, மறு கையால் விருந்தில் விஷம் வைத்த முதல் பாதுகாவலன் நான்தான். அந்த வருடம் பெட்டியில் மைனா குடியேறியது.

மண் விஷயத்திலும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. பழைய காலத்துத் தோட்டங்களில் களை என்று ஒன்று கண்ணில் படக்கூடாது. நம் பாட்டிகள் மண்வெட்டியால் சுரண்டிச் சுரண்டித் தரையைக் கண்ணாடியாக வைத்திருந்தார்கள். துரைக்குப் பார்க்க அழகு. மழை வந்ததும் மேல்மண் ஆற்றோடு போயிற்று. அது தப்பென்று தெரிந்த பிறகு அவரைக் குடும்பத்துக் கொடிகளை மூடுபயிராக விட ஆரம்பித்தார்கள். அதில் முக்குனா என்று இந்தியாவிலிருந்து வந்த ஒரு கொடி இருக்கிறது, செம்பனைத் தோட்டங்களின் செல்லப்பிள்ளை. மண்ணைப் பிடிக்கும், களையை அமுக்கும், வெயில் தாங்கும். வீட்டுக்குப் பின்னால் இருந்த சரிவுக்கு நல்லதென்று ஒரு கன்று கொண்டுவந்து நட்டேன். சரிவை மூடியது. வேலியை மூடியது. பக்கத்து வீட்டுச் சீனர் மூன்று வாரம் ஊருக்குப் போய்வந்து பார்த்தபோது அவருடைய மோட்டார் சைக்கிளைக் காணவில்லை. போலீஸுக்குப் போன் செய்யப் போனவரைத் தடுத்து, கொடியை விலக்கிக் காட்டினேன்.

ஓய்வு பெற்ற பிறகாவது இயற்கையைத் தூரத்தில் இருந்து பார்ப்போம் என்று ஒரு குழுவோடு உலு மூடாவுக்குப் போனேன். சிக் வட்டாரத்தில் கூபிர் படகுத்துறை வரை வேன், பிறகு மூடா ஏரியில் படகு. மூடா, பெடு, ஆனிங் என்று மூன்று அணைகளுக்கு அந்தக் காட்டிலிருந்துதான் தண்ணீர். மூடா அணைத் தண்ணீரை ஆறு கிலோமீட்டருக்கு மேல் மலையைக் குடைந்து பெடுவுக்குக் கொண்டுபோகிறார்கள். வடக்கே கிட்டத்தட்ட ஒரு லட்சம் ஹெக்டர் வயல் வருடத்துக்கு இரண்டு போகம் விளைவது அந்தத் தண்ணீரில்தான். அந்தப் பக்கம் பினாங்கு தன் கச்சாத் தண்ணீரில் சுமார் 80 விழுக்காட்டை மூடா ஆற்றிலிருந்து எடுக்கிறது. காட்டைக் காப்பது நாங்கள், காசு கொடு என்று கெடா கேட்க, ஆறு பொது, தரமாட்டேன் என்று பினாங்கு சொல்ல, பல வருடமாக இழுபறி. இதில் நான் நடுநிலை. ஆனால் பட்டர்வொர்த்தில் இருக்கும் என் மைத்துனர் ஷவரில் முக்கால் மணி நேரம் பாடிக்கொண்டே குளிப்பார். அவர் போன் செய்து "உங்க வீட்ல தண்ணி வருதா மச்சான்?" என்று கேட்கும்போது, அன்றைக்கு எங்கள் குழாயில் காற்று வந்துகொண்டிருக்கும்.

உலு மூடாவில் இருவாச்சி பார்க்கத்தான் போனோம். மலேசியாவில் உள்ள பத்து வகையும் அங்கே பதிவாகியிருக்கின்றன. பெரிய இருவாச்சி பறந்தால் நீராவி ரயில் மூச்சு விடுகிற மாதிரி சத்தம் கேட்கும். கேட்டது. எல்லோரும் மேலே பார்த்தார்கள். நான் கீழே பார்த்தேன், முழங்காலில் அட்டை. அடுத்த சத்தத்திலும் மேலே பார்த்தார்கள். இன்னொரு அட்டை. பத்து வகை இருவாச்சியை நான் பார்க்கவில்லை. பத்து அட்டையை எண்ணிச் சொல்ல முடியும், இது ஒன்றுதான் நான் சரியாக எடுத்த கணக்கு.

உப்புமண் தின்ன யானையும் கடமானும் வரும் ஊற்றுப் பக்கம் தானியங்கிக் கேமரா கட்டினார்கள். சிரா என்பார்கள் அந்த இடத்தை. உடம்புச் சூட்டையும் அசைவையும் வைத்துத் தானாகப் படம் எடுக்கும் கேமரா. ஒன்றைக் கட்டுகிற மரியாதையை வயதுக்காக எனக்குக் கொடுத்தார்கள். சரியாகக் கட்டினேன். முன்னால் ஓர் இலை தொங்கியதைக் கவனிக்கவில்லை. வெயில் ஏறி, காற்று வீசி, சூடான இலை ஆட ஆட, கேமரா விடாமல் படம் எடுத்திருக்கிறது. நூற்றுக்கணக்கில் படம், எல்லாவற்றிலும் அதே இலை. மூன்றில் மட்டும் வேறு உருவம். எல்லோரும் திரையை நெருங்கிப் பார்த்தோம். குழுத்தலைவர் மெதுவாகச் சொன்னார், "சார், இது உங்க தொந்தி."

போன தீபாவளிக்கு அந்த ஆராய்ச்சிப் பெண் எனக்கு ஒரு பிளாஸ்டிக் மழைமானி கொண்டுவந்து கொடுத்தாள். தினமும் அளவு அனுப்புங்கள் அங்கிள், நம்பிக்கையோடு கேட்கிறேன் என்றாள். நம்பிக்கையோடு என்ற சொல்லை ஏன் தனியாகச் சொன்னாள் என்று தெரியவில்லை. வாசலில் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் நட்டேன். மனைவி பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வை போதும். பிடுங்கி, செடியே இல்லாத இடமாகத் தேடினேன். தாமான் வீட்டில் செடி இல்லாத இடம் ஒன்றுதான் இருந்தது, கார் நிற்கிற கொட்டகை ஓரம். அங்கே நட்டேன். மறுநாள் சாயங்காலம் மழை. காலை எட்டு மணிக்குப் பார்த்து, எழுதி, அனுப்பினேன். அங்குலமா மில்லிமீட்டரா என்று மூன்று தடவை சரிபார்த்தேன்: 214 மில்லிமீட்டர்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "அங்கிள், பக்கத்து நிலையத்துல 11-தான். மறுபடியும் மரமா?"

வெளியே போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து தட்டினேன். "மரம் இல்லைம்மா. இந்தத் தடவை ஜிங்க் கூரை."